எழுத்து போட்டாச்சா?

சினிமாவுக்குத் தலை எது, வால் எது என்று சினிமா எடுத்தவர்களுக்கே முதலில் தெரியாது. 1903-ல் எடிசன் கம்பெனி ‘தி கிரேட் ட்ரெயின் ராபரி’ என்ற படத்தை வெளியிட்டது. சுமார் 12 நிமிடம். அதற்குள் ரயிலை மறித்து, பெட்டகத்தை வெடிவைத்து உடைத்து, பயணிகளை வரிசையாக நிறுத்தி உருவி, குதிரையேறித் தப்பி, கடைசியில் கொள்ளைக் கூட்டமே சுடப்பட்டுச் சாகிறது. இன்றைக்கு அந்த 12 நிமிடத்தில் நன்றி கார்டுகள்கூட ஓடி முடிவதில்லை.

கதை முடிந்த பிறகும் இயக்குநர் எட்வின் போர்ட்டர் கையில் ஒரு ஷாட் மிச்சமிருந்தது. கொள்ளைக்காரனாக நடித்த ஜஸ்டஸ் பார்ன்ஸ், தொப்பியும் மீசையுமாக நேரே நம்மைப் பார்த்துத் துப்பாக்கியை நீட்டிச் சுடுகிறார். யாரைச் சுடுகிறார், எதற்குச் சுடுகிறார்? கதையில் அதற்கு இடமே இல்லை. எடிசன் கம்பெனி அலட்டிக்கொள்ளவில்லை. இந்தக் காட்சியைத் தொடக்கத்திலும் ஓட்டலாம், முடிவிலும் ஓட்டலாம் என்று விற்பனைப் பட்டியலிலேயே அச்சடித்து, பொறுப்பைத் தியேட்டர்காரர் தலையில் கட்டிவிட்டது. முன்னால் ஓட்டிய ஊரில், ‘இது சுடுகிற படம், பயந்தவர்கள் எழுந்து போகலாம்’ என்று அர்த்தம். பின்னால் ஓட்டிய ஊரில், ‘படம் முடிந்தது, எல்லாரும் எழுந்து போகலாம்’ என்று அர்த்தம்.

இன்று திரைக்கதைப் பட்டறைக்குப் போனால், நாயகன் யார், இது எந்த மாதிரிப் படம், பார்ப்பவன் சிரிக்கவேண்டுமா நடுங்கவேண்டுமா என்ற மூன்றையும் முதல் சில நிமிடங்களிலேயே சொல்லிவிட வேண்டும் என்று வெள்ளைப் பலகையில் படம் போட்டு விளக்குகிறார்கள். ஏதோ ஆதியிலேயே முனிவர்கள் உட்கார்ந்து வகுத்த இலக்கணம் போல. நடந்த கதை வேறு. தன் பெயர் முன்னால் வரவேண்டும் என்று அடம்பிடித்தவர்களும், படம் தொடங்கி அரை மணி நேரம் கழித்து உள்ளே வந்தவர்களும் மாறி மாறி இழுத்த இழுப்பில்தான் இந்தக் கலை வளர்ந்தது.

முதலில் பெயர்க்காரர்கள். ஆரம்ப காலத்தில் படத்தில் நடிகர் பெயரே போடமாட்டார்கள். அடக்கமெல்லாம் இல்லை, பெயர் போட்டால் சம்பளம் கேட்பார்கள் என்ற முன்யோசனை. பயோகிராஃப் கம்பெனியில் ஃப்ளாரன்ஸ் லாரன்ஸ் என்ற நடிகை ஏகப் பிரபலம். முகம் ஊருக்கே தெரியும், பெயர் ஒருவருக்கும் தெரியாது. ‘பயோகிராஃப் பெண்’ என்றே அழைத்தார்கள். அதாவது, கம்பெனி பொருள். அவரைத் தன் பக்கம் இழுத்தார் கார்ல் லேம்லி என்ற பலே ஆசாமி. 1910-ல் லாரன்ஸ் டிராம் வண்டியில் அடிபட்டுச் செத்துப்போனார் என்று செய்தி பரவியது. உடனே லேம்லி பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்: இது எதிரிகள் கிளப்பிய பச்சைப் பொய், அம்மணி நலமாக இருக்கிறார், எங்கள் அடுத்த படத்தில் நடிக்கிறார். கிளப்பிய எதிரி லேம்லியேதான் என்பது சினிமா சரித்திரம் எழுதியவர்களின் தீர்ப்பு. அதோடு விட்டாரா? செயின்ட் லூயிஸ் நகருக்கு அவரை அழைத்துப்போய் உயிரோடு இருப்பதை நேரில் காட்டினார். கூட்டம் நெரிந்தது. ஒரு நடிகைக்குப் பெயர் கிடைக்க ஒருமுறை சாகவேண்டியிருந்தது. இரண்டு வருடம் கழித்து இதே லேம்லி யூனிவர்சல் கம்பெனியைத் தொடங்கினார். பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இந்தக் கம்பெனிக்கு மறுபடி வரப்போகிறோம்.

ஒருவருக்குப் பெயர் போட்டால் அடுத்தவர் சும்மா இருப்பாரா? கேமராக்காரர் கேட்டார், எழுத்தாளர் கேட்டார், உடை தைத்தவர் கேட்டார். நட்சத்திரங்கள் வக்கீலோடு வந்து, என் பெயர் யாருக்கு மேலே, எந்த அளவு எழுத்தில் என்று ஒப்பந்தம் போட்டார்கள். முதலாளிகளோ மனிதர்களுக்கு முன்னால் சின்னத்தை நிறுத்தினார்கள். எம்.ஜி.எம். சிங்கத்தைப் பார்த்துக் காட்டுராஜா, கம்பீரம் என்றெல்லாம் புல்லரித்திருப்பீர்கள். விளம்பரப் பிரிவிலிருந்த ஹோவர்ட் டீட்ஸ் படித்த கொலம்பியா பல்கலைக்கழகத்தின் விளையாட்டு அணிக்குச் சின்னம் சிங்கம், அவ்வளவுதான் காரணம். அவர் வேறு கல்லூரியில் படித்திருந்தால் எம்.ஜி.எம். படங்களுக்கு முன்னால் புலியோ புல்டாக்கோ உறுமியிருக்கும். 1924-ல் வந்த முதல் சிங்கம் ஸ்லாட்ஸ், மௌனப்பட காலத்து ஜீவன் என்பதால் வாயைத் திறந்து பயனில்லை. 1928-ல் ஜாக்கி என்ற சிங்கம்தான் ஒலியோடு கர்ஜித்தது. இடையில் 1927-ல் விளம்பரத்துக்காக ஒரு சிங்கத்தைக் கூண்டோடு விமானத்தில் ஏற்றி நாடு கடக்க அனுப்பினார்கள். விமானம் அரிசோனா மலையில் போய் விழுந்தது. விமானியும் பிழைத்தார், சிங்கமும் பிழைத்தது. சினிமாவில் தொடக்கக் காட்சிக்காக உண்மையில் உயிரைப் பணயம் வைத்த முதல் நடிகர் அதுவாகத்தான் இருக்கவேண்டும். அதற்கும் பெயர் போடவில்லை.

இப்படி அடித்துப் பிடித்து வாங்கிய பெயர்களை யாராவது பார்த்தார்களா என்றால், அதுதான் கிடையாது. அமெரிக்கத் தியேட்டர்களில் அன்று காட்சி நேரம் என்பது பெயரளவுக்குத்தான். கதவு திறந்தால் இரவுவரை படம் சுழன்றுகொண்டே இருக்கும். கார்ட்டூன், செய்திப்படம், துணைப்படம், முதன்மைப்படம், மறுபடியும் கார்ட்டூன். யாரும் எப்போதும் நுழையலாம். நடுவில் வந்து உட்கார்ந்து, கொலைகாரன் தூக்கில் தொங்குவதைப் பார்த்துவிட்டு, செய்திப்படத்தில் குதிரைப் பந்தயம் பார்த்து, பிறகு படத்தின் தொடக்கத்துக்கு வந்து, ஓஹோ இவன்தான் அவனா என்று தெரிந்துகொண்டு, தான் நுழைந்த இடம் வந்ததும் மனைவியை இடித்து எழுப்பி வீட்டுக்குப் போவார்கள். ஹாலிவுட்டின் ‘பொற்காலம்’ என்று நாம் கண்ணீர் மல்கப் பேசும் காலத்தில், படங்களை மக்கள் பார்த்த லட்சணம் இது. தொடக்கத்தில் மர்மத்தை விதைத்து முடிவில் அவிழ்த்த இயக்குநர்களுக்கு என்ன வயிறு எரிந்திருக்கும்!

தியேட்டர்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். எழுத்து போடும்போது திரைச்சீலையைத் திறப்பதே இல்லை. மூடிய திரைமேல் பெயர்கள் மங்கலாக நெளிந்து ஓடும். அது சோளப்பொரி வாங்கும் நேரம். கடைசியாக இயக்குநர் பெயர் வரும்போது ஆபரேட்டர் கொட்டாவி விட்டபடி கயிற்றை இழுப்பார்.

1955-ல் சில ஊர்களுக்குப் போன ஒரு படப்பெட்டியில் துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தது: ஆபரேட்டரே, எழுத்து வருவதற்கு முன் திரையைத் திற. படம், ஓட்டோ ப்ரெமிங்கரின் ‘தி மேன் வித் தி கோல்டன் ஆர்ம்’. எழுத்தை வடிவமைத்தவர் சால் பாஸ் என்ற விளம்பர ஓவியர். அதுவரை எழுத்து என்றால் வெல்வெட் துணிமேல் வளைந்து நெளிந்த கல்யாணப் பத்திரிகை எழுத்து. பாஸ் கறுப்புத் திரையில் வெள்ளைக் காகிதப் பட்டைகளை விட்டார். அவை ஜாஸ் இசைக்கு ஏற்ப மேலிருந்து நீள்கின்றன, முட்டிக்கொள்கின்றன, கோணல்மாணலாகி, கடைசியில் முறுக்கிய ஒரு கையாக உறைகின்றன. ஹெராயின் ஊசிக்கு அடிமையான ஒருவனின் கதை அது. தணிக்கைக் குழு முத்திரை தர மறுத்த அளவுக்கு விவகாரமான விஷயம். பாஸ் ஊசியைக் காட்டவில்லை, நாயகன் ஃப்ராங்க் சினாட்ரா முகத்தைக்கூடக் காட்டவில்லை. நாலு காகிதப் பட்டையில், ‘இந்த ஆளுக்கு உடம்பு தன் வசம் இல்லை’ என்று சொல்லிவிட்டார். சோளப்பொரி வாங்கப் போனவர்களுக்கு முதன்முறையாக நஷ்டம் ஏற்பட்டது.

அடுத்து வருபவர் சொந்த நஷ்டத்திலேயே வாழ்ந்து பழகியவர். நடிகரும் இயக்குநருமான ஆர்சன் வெல்ஸ். யூனிவர்சல் கம்பெனி ஒரு மூன்றாந்தரத் துப்பறியும் கதையில் நடிப்பதற்கு அவரை அமர்த்தியிருந்தது. நாயகன் வேடத்துக்கு சார்ல்டன் ஹெஸ்டனைக் கேட்டார்கள். மோசஸாக நடித்துக் கடலைப் பிளந்திருந்த நேரம், அவர் சொன்னால் கம்பெனிகளும் பிளந்து வழிவிடும். ‘வெல்ஸ் இருக்கிறார்’ என்று தொலைபேசியில் சொன்னதும், ‘அவர் இயக்குகிறார் என்றால் எந்தக் குப்பையிலும் நடிக்கத் தயார்’ என்கிற தொனியில் பதில் சொன்னார் ஹெஸ்டன். மறுமுனையில் கொஞ்ச நேரம் மௌனம் நிலவியிருக்க வேண்டும். வெல்ஸ் இந்தப் படத்துக்கு இயக்குநரானது இப்படி, ஒரு காது குழப்பத்தில். மோசஸ் முகத்தில் பழுப்புச் சாயம் பூசி மெக்சிகோ அதிகாரியாக்கினார்கள். அதைப் பற்றி இன்று பேசாமல் இருப்பதே நாகரிகம்.

படம், 1958-ல் வந்த ‘டச் ஆஃப் ஈவில்’. தொடக்கத்தில் ஒரு கை வெடிகுண்டின் கடிகாரத்தை மூன்று நிமிடத்துக்குத் திருகுகிறது. குண்டு ஒரு காரின் டிக்கிக்குள் போகிறது. ஒரு பணக்காரரும் ஓர் இளம் பெண்ணும் ஏறிக் கிளம்புகிறார்கள். கேமரா கிரேனில் உயர்ந்து, கட்டடத்தைத் தாண்டி, மறுபக்கம் இறங்கி, காரோடு ஊர்கிறது. வெட்டே இல்லை. நடுவில் புதுமணத் தம்பதியாக ஹெஸ்டனும் ஜேனட் லீயும் நடந்து வருகிறார்கள். கார் அவர்களை முந்துகிறது, ஆட்டுமந்தை மறிக்கிறது, அவர்கள் காரை முந்துகிறார்கள், எல்லைச் சாவடியில் இருவரும் அருகருகே நிற்கிறார்கள். கார்ப் பெண், தலைக்குள் ஏதோ டிக் டிக் என்று கேட்கிறது என்று புலம்புகிறாள். காவலர் காதில் வாங்கவில்லை. தம்பதி முத்தமிடக் குனிகிறார்கள். திரைக்கு வெளியே டமால். மூன்றேகால் நிமிடத்தில் எல்லையில் உள்ள ஊர், ஊழல், காமம், அசட்டை, சாவு அத்தனையும் அறிமுகம். ஊர் மெக்சிகோ எல்லையும் இல்லை. கலிஃபோர்னியாவின் வெனிஸ் கடற்கரைப் பகுதி, நன்றாகக் குப்பை போட்டு அலங்கரித்தது.

இந்த மகத்தான ஷாட்டை இரவு முழுக்கச் சொதப்பியவர் சுங்கச்சாவடி அதிகாரியாக நடித்த துணை நடிகர். அத்தனை பெரிய ஆட்டபாட்டமெல்லாம் முடிந்து கார் தன்னிடம் வந்து நின்றதும், பாவம், வசனம் மறந்துவிடும். உடனே ‘மன்னிச்சிடுங்க மிஸ்டர் வெல்ஸ்’ என்பார். கிரேன் முதலிலிருந்து. மறுபடி கார், ஆடு, முத்தமிடத் தயாரான தம்பதி, மறுபடி மன்னிப்பு. ஹெஸ்டன் பிற்காலத்தில் சொன்ன கதை இது. கிழக்கு வெளுக்கத் தொடங்கியபோது வெல்ஸ் அவரை அழைத்து, நீ வாயை மட்டும் அசை, குரலைப் பிறகு போட்டுக்கொள்ளலாம், தயவுசெய்து என்னிடம் மன்னிப்பு மட்டும் கேட்காதே என்று கெஞ்சினாராம். திரைப்படக் கல்லூரிகளில் கையில் குச்சியோடு விளக்கப்படும் அந்த அற்புதம், விடியலுக்குக் கொஞ்ச நேரமே இருக்கும்போது, ஒரு மனிதர் சும்மா வாயசைத்ததால் பிழைத்தது.

கம்பெனி என்ன செய்தது? வெல்ஸை வெளியே தள்ளிவிட்டு, அந்த ஷாட்டின்மேல் தலைப்பையும் நடிகர் பட்டியலையும் வரிசையாக ஓட்டியது. பார்வையாளர் குண்டைப் பார்ப்பதா, ஒப்பனைக்காரர் பெயரைப் படிப்பதா? கார் கடக்கும் ஒவ்வொரு கடையிலிருந்தும் வேறு வேறு வானொலிப் பாட்டு கசியவேண்டும் என்பது வெல்ஸின் திட்டம். கம்பெனி அதை வழித்துவிட்டு ஹென்றி மான்சினியின் இசையைப் பூசியது. இசை பிரமாதம், அதுதான் கொடுமை. வெல்ஸ் 58 பக்கத்துக்கு மனு எழுதினார். மிகப் பணிவாக, ஒவ்வொரு ரீலாக, எங்கே என்ன மாற்றவேண்டும் என்று. கம்பெனி படித்ததோ இல்லையோ, படத்தை இன்னொரு படத்துக்குத் துணைப்படமாகத் தியேட்டருக்கு அனுப்பியது. அதாவது ஜனங்கள் சாவகாசமாக வந்து சேரும் நேரத்துக்கான படமாக. வெல்ஸ் 1985-ல் இறந்தார். 1998-ல் படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச் அந்த மனுவைக் கையில் வைத்துக்கொண்டு படத்தை மறுபடி தொகுத்து, தொடக்க ஷாட்டின்மேல் இருந்த பெயர்களைத் துடைத்தார். மனு பரிசீலிக்கப்பட 40 வருடம். நம்மூர் தாலுகா அலுவலகம் தேவலாம்.

வெல்ஸ் கெஞ்சித் தோற்ற இடத்தில் அதட்டி ஜெயித்தவர் ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக். 1959-ல் ‘நார்த் பை நார்த்வெஸ்ட்’ படத்தில் சால் பாஸின் கோடுகள் கண்ணாடிக் கட்டடமாக மாற, நியூயார்க் ஜனங்கள் அலைமோத, தன் பெயர் ஓடி முடிந்த கையோடு ஹிட்ச்காக் ஓடிவந்து பஸ்ஸைக் கோட்டைவிடுகிறார். கதவு அவர் மூக்கின்மேல் சாத்தப்படுகிறது. தாமதமாக வந்தால் இதுதான் கதி என்று ஒத்திகை பார்த்திருக்கிறார் போல. மறுவருடம் நிஜமாகவே கதவைச் சாத்தினார்.

‘சைக்கோ’வில் அவருக்கு ஒரு சிக்கல். போஸ்டரில் ஜேனட் லீ. அவரோ படத்தின் பாதிகூட ஆகுமுன் குளியலறையில் கொல்லப்படுகிறார். ஒரு மணி நேரம் தாமதமாக வந்த மனிதர், ‘ஜேனட் லீ எப்போது வருவார்’ என்று பக்கத்துச் சீட்டைச் சுரண்டிக்கொண்டே கடைசிவரை உட்கார்ந்திருப்பார். ஆகவே உத்தரவு: படம் தொடங்கிய பிறகு யாருக்கும் அனுமதி இல்லை. தியேட்டர் மேனேஜரின் சகோதரர், அமெரிக்க ஜனாதிபதி, இங்கிலாந்து ராணி, யாராக இருந்தாலும் இல்லை. வாசலில் ஹிட்ச்காக்கின் ஆளுயர அட்டைப்படம் கைக்கடிகாரத்தைச் சுட்டிக்காட்டி முறைத்தது. வரிசையில் நின்றவர்களுக்கு அவர் குரலே ஒலிபெருக்கியில் அறிவுரை சொன்னது. ஐந்து வருடம் முன்பு பிரெஞ்சு இயக்குநர் க்ளூஸோ ‘லே தியாபோலிக்’ படத்துக்குச் செய்த யுக்திதான். ஆனால் ஹிட்ச்காக் செய்தபோதுதான் அது சட்டம் போல ஆயிற்று. தியேட்டர்காரர்கள் வியாபாரம் போச்சு என்று தலையில் கைவைத்தார்கள். வரிசை தெருமுனையைத் தாண்டியதும் கையை எடுத்துக் கல்லாவில் வைத்தார்கள்.

நேரத்துக்கு வந்தவர்களுக்கு என்ன கிடைத்தது? பாஸின் கோடுகள் திரையைக் கீற்றுக் கீற்றாகக் கிழிக்க, இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மனின் வயலின்கள் நரம்பைச் சுண்டுகின்றன. ஆள் இன்னும் திரையில் வரவில்லை, அதற்குள் வயிற்றைக் கலக்குகிறது. பிறகு ஊர் பெயர், ஃபீனிக்ஸ், அரிசோனா. வெள்ளிக்கிழமை, டிசம்பர் 11. மதியம் 2 மணி 43 நிமிடம். ஆஹா, என்ன துல்லியம், அரசாங்க ஆவணம் போல ஒரு குளிர்ச்சி என்று விமரிசகர்கள் எழுதிக் குவித்தார்கள். தேதிக்குக் காரணம் வேறு: ஃபீனிக்ஸில் தெருக்காட்சி எடுத்தபோது கடைவீதியில் கிறிஸ்துமஸ் தோரணம் கட்டியிருந்தது. படச்சுருளில் பதிந்துவிட்டது. திரும்ப எடுக்கச் செலவாகும். எழுத்தில் ஒரு டிசம்பரைத் தட்டிவிட்டால் தீர்ந்தது. கேமரா பாதி மூடிய ஜன்னல் வழியாக ஓட்டல் அறைக்குள் திருட்டுத்தனமாக நுழைகிறது. மதிய உணவு இடைவேளையில் வந்திருக்கும் காதலர்கள். ஜேனட் லீ வெள்ளை உள்ளாடையில் இருக்கிறார். முதலாளி பணத்தைத் திருடிய பிறகு கறுப்பு உள்ளாடை. பாத்திரப்படைப்பைத் துணிக்கடையிலேயே முடித்துவிட்டார் மனிதர். இதையெல்லாம் படம் பிடித்த இடம், லேம்லியின் பழைய யூனிவர்சல் வளாகம். ஒரு பொய்ச் சாவில் பெயர் எடுத்தவர் தொடங்கிய கம்பெனிக்குள்ளேயே சினிமாவின் மிகப் பிரபலமான சாவு.

1962-ல் லண்டன். எழுத்து வடிவமைப்பாளர் மாரிஸ் பைண்டருக்கு, ‘டாக்டர் நோ’ தயாரிப்பாளர்களைச் சந்திக்க இன்னும் 20 நிமிடம். கையில் யோசனை எதுவும் இல்லை. மேசைமேல் விலை ஒட்டும் வெள்ளை வட்ட ஸ்டிக்கர்கள் கிடந்தன. வரைபலகையில் அவற்றை வரிசையாக ஒட்டினார்: வட்டம் நகர்கிறது, வட்டம் துப்பாக்கிக் குழாய் ஆகிறது, உள்ளே ஒருவன் நடக்கிறான், திரும்பிச் சுடுகிறான், ரத்தம் வழிகிறது. ஜேம்ஸ் பாண்ட் படங்களின் தொடக்கம் தயார். கவனியுங்கள், பார்ப்பவர் நிற்பது கொலைகாரன் இடத்தில், சுடப்படுவது பார்ப்பவர்தான். 1903-ல் மீசைக்கார பார்ன்ஸ் எதற்கென்றே தெரியாமல் செய்த காரியத்துக்கு இங்கே காரணம் கிடைத்துவிட்டது. நிஜத் துப்பாக்கிக் குழாய்க்குள் ஊசித்துளைக் கேமராவை விட்டுப் படம் பிடித்தார்கள். தொப்பியோடு நடந்து வந்து சுடுபவர் ஷான் கானரி என்று இரண்டு தலைமுறை நம்பியது. முதல் மூன்று படங்களில் அது பாப் சிம்மன்ஸ் என்ற சண்டைக் கலைஞர். 1965-ல் ‘தண்டர்பால்’ அகலத்திரைக்குப் போனபோதுதான் கானரியே நடந்து வந்தார்.

இதற்கு நடுவில் ராபர்ட் பிரவுன்ஜான் என்ற வடிவமைப்பாளர் ‘ஃப்ரம் ரஷ்யா வித் லவ்’ படத்துக்கு எழுத்துகளை நடனப் பெண்ணின் உடல்மேல் ஒளியாகப் பாய்ச்சினார். அதைத் தயாரிப்பாளர்களுக்கு விளக்குவதற்கு அவரே சட்டையைத் தூக்கி, தன் தொப்பைமேல் எழுத்து விழும்படி ப்ரொஜெக்டர் முன்னால் ஆடிக் காட்டியதாகச் சொல்வார்கள். இதேதான், ஆனால் என் இடத்தில் அழகான பெண் இருப்பாள் என்றாராம். பாண்ட் படங்களின் கவர்ச்சிக்கு அஸ்திவாரம் போட்டது ஒரு நடுவயது ஆணின் வயிறு.

சரியாக 30 வருடம் கழித்து அந்தத் துப்பாக்கிக் குழாயின் வம்சம் சென்னைக்கு வந்தது. 1992-ல் ‘அண்ணாமலை’க்காக இயக்குநர் சுரேஷ் கிருஷ்ணா, பாண்ட் பட எழுத்தை மனதில் வைத்து, ரஜினிக்கென்று ஒரு தனி எழுத்து வேண்டும் என்று முடிவு செய்தார். ஒவ்வொரு எழுத்தாகத் திரையில் ‘சூப்பர் ஸ்டார்’ என்று விழ, தேவாவின் இசை முழங்கியது. லண்டனில் உளவாளிக்கு அளவெடுத்துத் தைத்த கோட்டு, இங்கே பால்காரருக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. பிறகு அது எந்த வேடத்துக்கும் பொருந்தியது. ஆட்டோக்காரராக வந்தாலும் அதே எழுத்து, விஞ்ஞானியாக வந்தாலும் அதே எழுத்து. கதை, வகை, மனநிலை எல்லாம் அப்புறம். ஆள் யார் என்பது தெரிந்துவிட்டதல்லவா? ஹிட்ச்காக் அட்டைப்படமும் காவல்காரரும் வைத்துச் சாதித்ததை இந்த எழுத்து பைசா செலவில்லாமல் சாதித்தது. அதைத் தவறவிடக்கூடாது என்பதற்காகவே சைக்கிளை மிதித்துக்கொண்டு பறந்தவர்கள் உண்டு. எழுத்து போட்டாச்சா என்று வாசலில் கேட்டு, போட்டாச்சு என்று பதில் வந்தால், அடுத்த காட்சிக்கு டிக்கெட் எடுக்கலாமா என்று யோசித்தவர்களும் உண்டு.

எழுத்து படத்தை விழுங்குவதும் நடக்கும். 1963-ல் ப்ளேக் எட்வர்ட்ஸ் ‘தி பிங்க் பேந்தர்’ எடுத்தபோது, நாயகன் வைரத் திருடனாக வரும் டேவிட் நிவன். இளஞ்சிவப்புச் சிறுத்தை என்பது ஒரு வைரத்தின் பெயர் மட்டுமே. தொடக்க எழுத்துக்கு ஃப்ரிஸ் ஃப்ரெலெங் குழுவினர் ஒரு கார்ட்டூன் சிறுத்தையை உலவவிட்டார்கள். அது பெயர்களைக் கலைத்தது, திருத்தியது, மான்சினியின் இசைக்குப் பூனைநடை போட்டது. (பார்த்தீர்களா, வெல்ஸுக்குக் கேடு செய்த அதே மான்சினி.) படத்துக்குள் பீட்டர் செல்லர்ஸ் நிவனிடமிருந்து படத்தைத் திருடினார், படத்துக்கு வெளியே சிறுத்தை செல்லர்ஸிடமிருந்து திருடியது. மறுவருடமே அந்தச் சிறுத்தைக்குத் தனிக் குறும்படம், அதற்கு ஆஸ்கர். நிவனுக்கு என்ன கிடைத்தது என்று கேட்காதீர்கள்.

செர்ஜியோ லியோனி வேறு ஜாதி. 1968-ல் ‘ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி வெஸ்ட்’ தொடக்கத்தில் மூன்று முரடர்கள் ரயிலுக்குக் காத்திருக்கிறார்கள். நாமும் காத்திருக்கிறோம். காற்றாடி கிறீச்சிடுகிறது. ஒருவர் தொப்பிமேல் தண்ணீர் சொட்டுகிறது. இன்னொருவர் விரல்களைச் சொடுக்குகிறார். ஜாக் ஈலம் முகத்தில் ஈ உட்காருகிறது. அவர் ஊதுகிறார், அது தாடியில் நகர்கிறது, கடைசியில் துப்பாக்கிக் குழாய்க்குள் ஈயைப் பிடித்து அடைத்து, அது உள்ளே ரீங்கரிப்பதை ரசித்துக் கேட்கிறார். என்னியோ மொரிக்கோனே என்ற இசை மேதையை வைத்துக்கொண்டு இந்த இடத்தில் இசையே இல்லை. ரயில் வந்து, நாயகன் இறங்கி, மூவரையும் சுட்டுவிடுகிறான். முகத்தை அத்தனை நேரம் பழக்கப்படுத்தியதே பிணமாக்கத்தான். கிளின்ட் ஈஸ்ட்வுட், லீ வான் க்ளீஃப், ஈலை வாலக் மூவரையும் அந்த வேடங்களில் நடிக்கவைத்து, தன் முந்தைய படத்தின் நாயகர்களையே முதல் ரீலில் சாகடிக்க ஆசைப்பட்டார் லியோனி. ஈஸ்ட்வுட் மறுத்துவிட்டார். புத்திசாலி. தாமதமாக வருபவரைப் பற்றி லியோனிக்குக் கவலையே இல்லை. நீங்கள் அரை டஜன் நிமிடம் கழித்து வந்தாலும் ஈ அங்கேயேதான் இருக்கும்.

ஃப்ரான்சிஸ் கொப்போலாவுக்குத் தொடக்கக் காட்சியால் வேலை போனது, பிறகு அதே காட்சியால் வேலை நிலைத்தது. ‘பேட்டன்’ படத்துக்கு அவர் எழுதிய திரைக்கதை, பிரம்மாண்டமான கொடி முன்னால் தளபதி ஒருவர் நம்மைப் பார்த்துப் பேசுவதில் தொடங்கும். இது என்ன கூத்து என்று தன்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று கொப்போலாவே சொல்லியிருக்கிறார். சில வருடம் கழித்து 1970-ல் அதே காட்சியோடு படம் வந்தது, அவருக்குத் திரைக்கதை ஆஸ்கர் கிடைத்தது. அப்போது அவர் ‘காட்ஃபாதர்’ படப்பிடிப்பில் எந்நேரமும் வேலை போகும் நிலையில் இருந்தார். ஆஸ்கர் வாங்கிய ஆளை அவ்வளவு சுலபத்தில் துரத்த முடியவில்லை. ‘காட்ஃபாதர்’ தொடக்கத்திலும் அந்த வித்தையையே செய்தார்: இருட்டில் ஒரு முகம், அமெரிக்காமேல் தனக்குள்ள நம்பிக்கையைப் பற்றிப் பேசுகிறது. மெல்ல மெல்லக் கேமரா பின்வாங்க, பேசுபவர் நாயகன் அல்ல, நியாயம் கேட்டு வந்த சவ அடக்கக்காரர் என்று தெரிகிறது. முதுகு மட்டும் தெரியும் ஒருவரிடம் அவர் மன்றாடுகிறார். அந்த முதுகுதான் நாயகன். மார்லன் பிராண்டோ மடியில் ஒரு பூனை. படப்பிடிப்புத் தளத்தில் சுற்றித் திரிந்த அநாதைப் பூனையைக் கொப்போலா தூக்கி மடியில் போட்டார். தடவிக்கொடுக்கிற கையும் கொலை உத்தரவு தருகிற வாயும் ஒரே ஆளிடம். ஆயிரம் வசனம் செய்யாததைப் பூனை செய்தது. அது சுகத்தில் குர்குர் என்று முனகியதில் பிராண்டோவின் பேச்சு சரியாகக் கேட்காமல் ஒலிப்பதிவாளர்கள் அவதிப்பட்டார்கள் என்பது கூடுதல் தகவல். பிராண்டோ பேசினாலே கேட்காது என்பது வேறு விஷயம்.

கடைசியில் பெயர்க்காரர்களின் முதுகெலும்பை முறித்தவர் ஜார்ஜ் லூகாஸ். 1977-ல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் நடிகர், இயக்குநர் எவர் பெயரும் முன்னால் இல்லை. தலைப்பு, பிறகு விண்வெளியில் சாய்வாக ஊர்ந்து மறையும் மூன்று பத்தி முன்கதை. பழைய ‘ஃப்ளாஷ் கார்டன்’ தொடர்களிலிருந்து எடுத்த யோசனை. லூகாஸ் எழுதிய முதல் வடிவத்தைப் பார்த்து நண்பர் ப்ரையன் டி பால்மா கண்டபடி கிண்டலடித்து, பிறகு தானே உட்கார்ந்து திருத்தித் தந்தார். 1980-ல் அடுத்த படத்தை இர்வின் கெர்ஷ்னர் இயக்கினார். அவர் பெயரும் கடைசியில்தான். இயக்குநர் சங்கம் பாய்ந்தது: முன்னால் ‘லூகாஸ்ஃபிலிம்’ என்று வருகிறதே, அது மட்டும் ஒருவர் பெயர் இல்லையா? கெர்ஷ்னருக்கே இதில் வருத்தமில்லை. சங்கத்துக்கு இருந்தது. லூகாஸ் அபராதத்தைக் கட்டிவிட்டுச் சங்கத்தைவிட்டே வெளியேறினார். ஒரு காலத்தில் பெயர் வாங்க ஒரு நடிகை பொய்யாகச் சாகவேண்டியிருந்தது; இப்போது பெயரைப் பின்னால் தள்ள ஒரு முதலாளி தண்டம் அழவேண்டியிருந்தது.

தாமதமாக வருபவர் என்ன ஆனார்? வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டார். 2017-ல் நெட்ஃப்ளிக்ஸ், தொடர்களின் தொடக்க எழுத்து வரும்போது அதைத் தாண்டிப் போக ஒரு பொத்தானைக் கொடுத்தது. சால் பாஸின் வாரிசுகள் மாதக்கணக்கில் உழைத்து, பொம்மை செய்து, கம்ப்யூட்டரில் கோட்டையும் கடிகாரமும் எழுப்பி வைத்திருக்க, மூலையில் சாம்பல் நிறத்தில் சின்னதாக அது எட்டிப் பார்க்கும். அந்தப் பொத்தான் ஒரு நாளைக்கு 13 கோடியே 60 லட்சம் தடவை அழுத்தப்படுகிறது என்று 2022-ல் நிறுவனமே பெருமையாக அறிவித்தது. இதனால் மனிதகுலத்துக்கு 195 வருடங்கள் மிச்சமாகின்றனவாம். மிச்சமான வருடங்களில் மனிதகுலம் என்ன செய்கிறது என்றால், அடுத்த எபிசோடைப் பார்க்கிறது. அதிலும் எழுத்து வந்ததும் விரல் தானாகப் பொத்தானுக்குப் போகிறது.